அருகலை காட்டும் ஆற்றுப்படை

முன்னுரை

தொல்காப்பியர் அகத்திணைக்கு முதற்பொருளாக வகுத்தவை நிலமும் பொழுதும் ஆகிய இரண்டாகும். ஒருவர் எங்கு இருக்கிறார், எப்பொழுது இருக்கிறார் என்பன தெளிந்த பின்னரே அவருடைய வாழ்வைப் பேசுதல் கூடும் என்பது அப்பேராசான் கண்ட நெறி. இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியும் நம்மைப் பற்றி அறிய முனைவது முதலில் அவ்விரண்டையே. பொழுதை அது எளிதில் அறிந்துகொள்கிறது. நிலத்தை அறிவதே அதற்குக் கடினமாக உள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ரமலான் மாதத்தில் எம் நண்பர் ஒருவரின் இல்லத்தில் நிகழ்ந்ததை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். அவர் சென்னையிலிருந்து உத்தமபாளையத்திற்குக் குடிபெயர்ந்து, ஊரின் விளிம்பில் தென்னந்தோப்பை ஒட்டிய புது வீடொன்றில் குடியேறியிருந்தார். நோன்பு திறக்கும் வேளையில் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளறையில் அமர்ந்திருந்தோம். நண்பரின் கைப்பேசியில் மக்ரிபு பாங்கு ஒலித்தது. ஆயின் பள்ளிவாசலிலிருந்து ஓசை ஏதும் எழவில்லை. நாங்கள் பழத்தை வாயருகே கொண்டு சென்றபோது அவருடைய அத்தா கையமர்த்தி, “பள்ளியில் பாங்கு சொல்லட்டும், பொறுங்கள்” என்றார். பத்து நிமிடங்களுக்கு மேல் கழிந்த பின்னரே பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பெரியவரின் பொறுமை எங்கள் நோன்பைக் காத்தது.

பின்னர் அக்கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்தோம். நாங்கள் சென்னைத் தெரு ஒன்றில் இருப்பதாக நீலப்புள்ளி காட்டிற்று. சென்னை நமக்குக் கிழக்கே ஏறத்தாழ மூன்று பாகை தள்ளி உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பது கணக்கு. ஆகவே அங்குக் கதிரவன் நமக்கு முன்னரே மறைகிறான். கைப்பேசி நேரத்தைத் தவறாகக் கணக்கிடவில்லை. இடத்தைத் தவறாக அறிந்திருந்தது. அதற்குக் காரணம், நண்பர் சென்னையிலிருந்து தம்முடன் கொணர்ந்த ஒரு சிறு பெட்டி. அப்பெட்டி எவ்வாறு கைப்பேசியை ஏமாற்றிற்று என்னும் வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

முன் சென்றோர் பின் வருவோர்க்குக் காட்டிய வழி

பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படைகள். வள்ளலிடம் சென்று பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் கலைஞனுக்குத் தான் கண்ட வழியைக் கூறுதல் ஆற்றுப்படையின் இலக்கணம். கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் இவ்வகையில் தனிச்சிறப்புடையது. மலைவழியில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லிலிருந்து எவ்வாறு தப்புவது என்பனவற்றை எல்லாம் அது எடுத்துரைக்கிறது. வழிகாட்டுவோன் அறிவு முழுவதும் அவன் நடந்து பெற்றது.

இஸ்லாமிய வரலாற்றிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் மேற்கொண்டபோது, பாலைவழிகளை நன்கறிந்த அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் என்பவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டார்கள். அவர் அப்போது இஸ்லாத்தைத் தழுவியவர் அல்லர். எனினும் வழியறிந்தவர், நம்பகமானவர் என்பதற்காக அப்பெரும்பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வழிகாட்டியிடம் வேண்டுவன அறிவும் நம்பகமும் ஆகிய இரண்டே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. இவ்விரண்டையும் இக்கட்டுரையின் இறுதிவரை நாம் நினைவிற் கொள்ளுதல் நன்று.

கைப்பேசி, அருகலையைக் கொண்டு இடமறியும் முறையும் ஓர் ஆற்றுப்படையே. முன்னர் ஒரு தெருவில் சென்ற கைப்பேசி தான் கண்டவற்றைக் குறித்துவைக்க, பின்னர் அத்தெருவுக்கு வரும் கைப்பேசி அக்குறிப்பைக் கொண்டு தன் இடத்தை அறிகிறது.

அருகலை: சொல்லும் பொருளும்

வைஃபை என்று மக்கள் வழங்குவதைத் தமிழில் அருகலை என்கிறோம். அருகில் மட்டும் பரவும் அலை என்பது இதன் பொருள். இச்சொல் பொருளை விளக்கி நிற்கும் அழகிய ஆக்கம். வானொலி அலை நூறு கல் தொலைவு செல்லும். அருகலையோ வீட்டுக்குள் சில பத்து மீட்டர், வெட்டவெளியில் ஏறத்தாழ நூறு மீட்டர் என்னும் அளவில் ஓய்ந்துவிடும். இதற்கான முதல் தொழில்நுட்பத் தரம் 1997 ஆம் ஆண்டு வெளியாயிற்று. நம் தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்து உருவானதும் அதே ஆண்டுதான். இந்தியாவில் அருகலைக்குரிய 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையைக் குறைந்த ஆற்றலில் உரிமமின்றிப் பயன்படுத்த 2005 ஆம் ஆண்டு இசைவளிக்கப்பட்டது.

வீட்டிலும் கடையிலும் இவ்வலையைப் பரப்பும் பெட்டியை ரூட்டர் என்றும் மோடம் என்றும் சொல்கிறோம். இதற்குத் திசைவி என்பது தமிழ்ப்பெயர். ஒவ்வொரு திசைவிக்கும் தனக்கே உரிய முகவரி எண் ஒன்றுண்டு. நாம் வைக்கும் வலைப்பெயர் வேறு, இவ்வெண் வேறு. வலைப்பெயரை நாம் விரும்பியபடி மாற்றலாம். முகவரி எண்ணோ தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டுவிடுகிறது. 48 இருமக் குறிகளால் ஆன இவ்வெண்களில் ஏறத்தாழ 281 இலட்சம் கோடி வேறுபாடுகள் அமையக்கூடும். ஆதலின் ஒரு திசைவியின் எண்ணை மற்றொன்றின் எண்ணாகக் கொள்ளும் குழப்பம் பெரும்பாலும் நேர்வதில்லை.

திசைவி ஒரு நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை ‘நான் இங்கிருக்கிறேன்’ என்று தன் பெயரையும் எண்ணையும் அறிவித்துக்கொண்டே இருக்கும். இவ்வறிவிப்பைக் கேட்பதற்குக் கடவுச்சொல் வேண்டா. தெருவில் செல்லும் எக்கைப்பேசியும் கேட்கலாம். வீட்டுக்குள் நுழையத்தான் கடவுச்சொல் வேண்டும். வாயிற்பலகையைப் படிக்க யாரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை அன்றோ!

விண்கோள் எட்டாத இடம்

இடமறிய ஜி.பி.எஸ். இருக்கும்போது அருகலை எதற்கு என்னும் ஐயம் எழலாம். ஜி.பி.எஸ். விண்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிவருகின்றன. 1995 ஆம் ஆண்டு 24 விண்கோள்களுடன் அம்முறை முழுமையாகச் செயற்படத் தொடங்கிற்று. கைப்பேசி குறைந்தது நான்கு விண்கோள்களின் குறிப்பலைகளைக் கேட்டு, ஒவ்வொன்றும் தன்னை வந்தடைய எடுத்துக்கொண்ட காலத்தைக் கணக்கிட்டுத் தன் இடத்தை அறிகிறது. தொல்காப்பியர் பிரித்துக் கூறிய நிலமும் பொழுதும் இங்கு ஒன்றையொன்று ஈன்று நிற்கின்றன. ஒளி ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் 30 சென்டிமீட்டர் சென்றுவிடும். ஆதலின் காலக்கணக்கில் நுண்பிழை நேரினும் இடக்கணக்கில் பெரும்பிழை நேரும்.

இந்தியாவும் நாவிக் என்னும் தனக்கே உரிய விண்கோள் அமைப்பை உருவாக்கியுள்ளது. அதன் முதல் விண்கோள் 2013 ஜூலையில் ஏவப்பட்டது. இரண்டாம் தலைமுறையின் முதல் விண்கோள் 2023 மே மாதம் விண்ணேகிற்று.

வெட்டவெளியில் நிற்கும் கைப்பேசி விண்கோளின் துணையால் ஏறத்தாழ ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாக இடம் சொல்லும். ஆயின் அவ்வளவு தொலைவிலிருந்து வரும் அலை மிக மெலிந்தது. கான்கிரீட் கூரையை ஊடுருவும் ஆற்றல் அதற்கு இல்லை. கம்பம், சின்னமனூர் போன்ற ஊர்களின் நெருக்கமான கடைவீதிகளில் அது சுவரில் பட்டுத் தெறித்து, நீண்ட வழியில் வந்து சேர்ந்து, கணக்கைக் குழப்பும். கைப்பேசிக் கோபுரத்தைக் கொண்டும் இடமறியலாம். ஆனால் ஊர்ப்புறத்தில் ஒரு கோபுரம் பல கிலோமீட்டர் பரப்புக்கு உரியது; அதனால் கிடைக்கும் விடையும் அவ்வளவு பெரிய வட்டமாகவே இருக்கும். இடைப்பட்ட இக்குறையை நிறைப்பதே அருகலையின் பணி. கூரைக்குள்ளும் கடைவீதியிலும் அது ஒலிக்கும். அருகில் மட்டும் ஒலிப்பதால் அது கேட்கிறது என்பதே நாம் அதன் அருகில் இருப்பதற்குச் சான்றாகும். குறுகிய தொலைவே செல்லும் என்னும் அதன் குறை, இடமறிதலில் நிறையாக மாறிவிடுகிறது.

பட்டியல் உருவான வரலாறு

திசைவி தன் எண்ணை அறிவிக்குமே தவிரத் தான் நிற்கும் ஊரை அறிவிப்பதில்லை. எனவே எந்த எண் எந்த இடத்தில் உள்ளது என்னும் பட்டியல் தேவை. 2003 ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஸ்கைஹூக் என்னும் நிறுவனம் நகரத் தெருக்களில் ஊர்திகளை ஓட்டி, செல்லும் வழியெங்கும் கேட்ட திசைவி எண்களை விண்கோள் காட்டிய இடத்தோடு சேர்த்துக் குறித்துக்கொண்டது. முதல் ஐஃபோனில் ஜி.பி.எஸ். கருவியே கிடையாது. 2008 ஜனவரியில் ஸ்கைஹூக்கின் பட்டியலைக் கொண்டுதான் அது இடம் சொல்லத் தொடங்கியது. 2010 இல் ஆப்பிள் நிறுவனம் தனக்கெனப் பட்டியலை அமைத்துக்கொண்டது.

கூகுள் நிறுவனமும் தெருக்காட்சிப் படம் எடுக்கச் சென்ற ஊர்திகளைக் கொண்டு திசைவிகளைப் பதிவு செய்தது. இந்தியாவில் அவ்வூர்திகள் 2011 இல் பெங்களூருக் காவல்துறையால் நிறுத்தப்பட்டன. 2022 ஜூலையில்தான் சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில் அத்தெருக்காட்சி மீண்டும் தொடங்கிற்று. அவ்வாறாயின் ஊர்தியே வாராத நம் பள்ளத்தாக்கில் பட்டியலைத் திரட்டியவர் யார்? நாமே. இடமறியும் வசதியை இயக்கிய நிலையில் நாம் தெருவில் செல்லும்போதெல்லாம் நம் கைப்பேசி விண்கோள் காட்டும் இடத்தையும் அங்குக் கேட்கும் திசைவி எண்களையும் சேர்த்து அனுப்பி வந்துள்ளது. பால் வாங்கச் சென்றவரும், கல்லூரிப் பேருந்தில் அமர்ந்திருந்த மாணவியும், சந்தைக்குத் திராட்சை ஏற்றிச் சென்ற ஓட்டுநரும் தம்மை அறியாமலே இப்பட்டியலின் ஆசிரியர்கள் ஆயினர். ஆற்றுப்படைப் புலவர்க்குப் பெயருண்டு. இப்புலவர்களுக்குப் பெயருமில்லை, தாம் பாடியதே தெரியாது.

கணக்கிடும் முறை

உத்தமபாளையம் கடைவீதியில் ஒருவர் நிற்பதாகக் கொள்வோம். மருந்துக்கடை, தேநீர்க்கடை, கைப்பேசி பழுதுபார்க்கும் கடை ஆகிய மூன்றின் திசைவிகளும் அவர் கைப்பேசிக்குக் கேட்கின்றன. ஒலிக்கும் அலையின் வலிமையை அது அளக்கிறது. இவ்வளவு சுழியத்திற்குக் கீழ்ப்பட்ட எண்ணாக அமையும். கழித்தல் 40 என்பது மிக வலியது. கழித்தல் 90 என்பது கேட்டும் கேளாதது. பத்து எண் குறைந்தால் ஆற்றல் பத்தில் ஒரு பங்காயிற்று என்று பொருள். தடையற்ற வெளியில் தொலைவு இருமடங்கானால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும்.

மருந்துக்கடை அலை கழித்தல் 45, தேநீர்க்கடை அலை கழித்தல் 60, பழுதுக்கடை அலை கழித்தல் 75 என்று அமைந்தால், அவர் மருந்துக்கடைக்கு மிக அருகிலும் பழுதுக்கடைக்குத் தொலைவிலும் நிற்கிறார் என்பது விளங்கும். கைப்பேசி இவ்வெண்களை இணையத்தின் வழியாகப் பட்டியல் வைத்திருக்கும் நிறுவனத்திற்கு அனுப்புகிறது. மூன்று திசைவிகளின் இடங்களும் பட்டியலில் உள்ளன. வலிய அலைக்கு மிகுந்த மதிப்பும் மெலிந்த அலைக்குக் குறைந்த மதிப்பும் தந்து சராசரி காணின் அவர் நிற்கும் இடம் கிடைத்துவிடும். இதன் துல்லியம் பொதுவாகச் சில பத்து மீட்டர்.

1802 இல் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெருமுக்கோண நில அளவையும், தெரிந்த இடங்களிலிருந்து தெரியாத இடத்தைக் காணும் முறையே. அவர் கோணங்களை அளந்தார். கைப்பேசி வலிமையை அளக்கிறது. அவர் சுமந்த கருவி அரை டன் எடையுள்ளது.

இதனினும் நுண்ணிய முறை ஒன்றை 2000 ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த பரம்வீர் பால், வெங்கட பத்மநாபன் ஆகிய இரு இந்திய வமிசாவளி அறிஞர்கள் வெளியிட்டனர். ‘ராடார்’ எனப் பெயரிடப்பட்ட அம்முறையில், ஒரு கட்டடத்தின் பல இடங்களில் நின்று, அங்கங்கே எந்தத் திசைவி எவ்வளவு வலிமையுடன் கேட்கிறது என்று முன்கூட்டியே குறித்துவைத்தனர். பின்னர் ஒருவர் அக்கட்டடத்தில் நின்றால், அவருக்குக் கேட்பதை அக்குறிப்புகளோடு ஒப்பிட்டு ஒத்துவரும் இடத்தைக் கண்டனர். கைரேகையை ஒப்பிட்டு ஆளை அறிவது போன்றது இது. இடைநிலைப் பிழை இரண்டு முதல் மூன்று மீட்டராக இருந்தது. அவர்கள் ஒரே இடத்தில் நான்கு திசை நோக்கி நின்று அளந்தனர் என்பது கருதத்தக்கது. மனித உடலில் பெரும்பங்கு நீர். நீர் இவ்வலையை உறிஞ்சும். நாம் திரும்பி நின்றாலே நம் உடல் ஒரு திரையாகிவிடும்.

இப்போது வலிமையை விடுத்துக் காலத்தையே அளக்கும் முறையும் வந்துள்ளது. கைப்பேசி அனுப்பும் அலை திசைவியைத் தொட்டு மீளும் காலத்தைக் கொண்டு ஓரிரு மீட்டர் துல்லியத்தில் இடம் அறியலாம். 2018 இல் வெளியான ஆண்ட்ராய்டு ஒன்பதாம் பதிப்பு முதல் இவ்வசதி உண்டு. ஆயின் திசைவியும் அதற்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும்.

பிழை நேரும் விதம்

எம் நண்பர் இல்லத்து நிகழ்ச்சி இப்போது விளங்கும். அவருடைய திசைவியின் எண், பட்டியலில் சென்னைத் தெருவுக்கு உரியதாகப் பதிவாகியிருந்தது. திசைவி ஊர் மாறியது, பட்டியல் மாறவில்லை. தோப்போரத்து வீட்டில் வேறு திசைவி எதுவும் கேட்கவில்லை. உள்ளறையில் விண்கோளும் எட்டவில்லை. கேட்ட ஒரே சாட்சி பழைய முகவரியைச் சொன்னது. கைப்பேசி அதை நம்பிற்று. சில நாள்கள் வீட்டாரின் கைப்பேசிகள் வாசலுக்கும் உள்ளறைக்குமாகச் சென்றுவந்த பின்னர்ப் பட்டியல் தானே திருந்திற்று.

மின்தடையும் ஒரு காரணம். தெருவில் மின்சாரம் நின்றால் திசைவிகள் அனைத்தும் ஊமையாகும். அப்போது நீலப்புள்ளியைச் சுற்றியுள்ள வட்டம் விரிவதைக் காணலாம். அவ்வட்டம் வெறும் அணி அன்று. ‘இதற்குள் எங்கோ இருக்கிறீர்’ என்று கைப்பேசி தன் ஐயத்தை ஒப்புக்கொள்ளும் அளவு அது. புள்ளியை மட்டும் பார்த்து வட்டத்தைப் பாராதிருத்தல் பலர் செய்யும் தவறு.

எல்லாத் தேவைக்கும் ஒரே துல்லியம் வேண்டுவதில்லை. கிப்லா திசை காட்டும் செயலியை எடுத்துக்கொள்வோம். நம் பள்ளத்தாக்கிலிருந்து மக்கா ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கிப்லா நமக்கு நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்கே அமைகிறது. தேனிக்கும் மதுரைக்கும் இத்திசை ஒரு பாகைகூட வேறுபடாது. ஆகவே இடக்கணக்கில் ஒரு கிலோமீட்டர் பிழைத்தாலும் தொழுகைக்குக் குறைவில்லை. கைப்பேசியின் திசைமானி இரும்புக் கதவருகே பிழைப்பதே அங்குக் கருதவேண்டியது. ஆனால் மலைச்சரிவில் விழுந்து கிடப்பவரைத் தேடும்போது ஒரு கிலோமீட்டர் என்பது உயிருக்கும் இழப்புக்கும் இடையிலான தொலைவாகும்.

மலையும் காடும்

2018 மார்ச் 11 ஆம் நாளைத் தேனி மாவட்டம் மறத்தல் இயலாது. கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். அவர்களில் பலர் இளம்பெண்கள். மீட்புப் பணிக்கு விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. மலைவாழ் மக்களும் ஊர்மக்களும் இருளில் ஏறிச் சென்று உதவினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அத்தகைய சரிவில் அருகலை உதவுமா என்று கேட்டால், உதவாது என்பதே நேர்மையான விடை. திசைவி இல்லாத இடத்தில் அருகலை ஆற்றுப்படை இல்லை. புல்லும் பாறையும் எண் அறிவிப்பதில்லை. அங்குத் துணை நிற்பது விண்கோள் ஒன்றே. இங்கு நம் மாணவர்கள் தெளிவாக உணரவேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. இடத்தை அறிதல் வேறு, அறிவித்தல் வேறு. விண்கோளின் அலையைக் கேட்கக் கைப்பேசிக் கோபுரமோ இணையமோ தேவையில்லை. சிம் அட்டை இல்லாத கைப்பேசியும் திறந்த வானத்தின் கீழ்த் தன் அகலாங்கையும் நெட்டாங்கையும் அறிந்துகொள்ளும். ஆனால் அறிந்ததைப் பிறர்க்குச் சொல்லக் கோபுரம் வேண்டும்.

இணையம் உள்ள இடத்தில் விண்கோள்களின் நிலைபற்றிய செய்தியைக் கைப்பேசி நொடியில் பெற்றுவிடுகிறது. இல்லாத இடத்தில் அதை விண்கோளிடமிருந்தே மெல்லக் கேட்டறிய வேண்டும். விண்கோள் தன் செய்தியை நொடிக்கு 50 குறி என்னும் நிதானத்தில் சொல்கிறது. தன்னைப் பற்றிய விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறையும், எல்லா விண்கோள்களையும் பற்றிய முழுக்குறிப்பை பன்னிரண்டரை நிமிடத்திலும் சொல்லி முடிக்கும். எனவே காட்டில் இடம் காட்டவில்லை என்று பதறிக் கைப்பேசியை அணைத்துவிடாமல், வானம் தெரியும் இடத்தில் சில நிமிடங்கள் அசையாது பொறுத்திருத்தல் வேண்டும்.

கிடைக்கும் எண்களைப் படிக்கவும் தெரிந்திருத்தல் நன்று. உத்தமபாளையம் ஏறத்தாழ வடக்கு 9.81 பாகை, கிழக்கு 77.33 பாகையில் உள்ளது. ஒரு பாகை அகலாங்கு 111 கிலோமீட்டர். ஆகவே புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் மட்டும் சொன்னால் ஒரு கிலோமீட்டர் அளவும், நான்கு இலக்கம் சொன்னால் பதினொரு மீட்டர் அளவும் துல்லியம் கிடைக்கும். கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு நாள்தோறும் ஜீப்பில் மலையேறும் நம் மக்களின் இல்லங்களில் இச்சிறு கணக்கு தெரிந்திருப்பின், ‘எங்கே இருக்கிறீர்கள்’ என்னும் கேள்விக்கு ‘மலையில்’ என்பதினும் நல்ல விடை கிடைக்கும்.

கேளாமல் நுழைதல்

வழிகாட்டிக்கு அறிவோடு நம்பகமும் வேண்டும் என்று முன்னர்க் கூறினோம். அருகலைப் பட்டியலின் நம்பகம் குறித்து வினாக்கள் உள்ளன. 2010 மே மாதம், தெருக்காட்சி ஊர்திகள் திசைவி எண்களோடு கடவுச்சொல் இல்லாத வலைகளில் சென்ற பிறர் செய்திகளின் துணுக்குகளையும் பதிவு செய்துவிட்டன என்று கூகுள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 இல் அமெரிக்காவின் மேரிலண்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொன்றைக் காட்டினர். ஆப்பிளின் பட்டியலிடம் ஒரு திசைவியின் இடத்தைக் கேட்டால், அதன் அண்டையில் உள்ள நானூறு வரையிலான திசைவிகளின் இடங்களையும் அது சேர்த்துத் தந்தது. இவ்வாறு கேட்டுக்கேட்டே 200 கோடிக்கும் மேற்பட்ட திசைவிகளின் இடங்களை அவர்கள் அறிந்தனர். போர் நடந்த உக்ரைனிலும் காஸாவிலும் திசைவிகள் இடம்பெயர்ந்ததையும் மறைந்துபோனதையும் தொலைவில் அமர்ந்தே அவர்களால் காண முடிந்தது. திசைவி மறைந்தது என்றால் அங்கு ஒரு வீட்டின் விளக்கு அணைந்தது என்று பொருள். வழிகாட்டப் பிறந்த பட்டியல் வேவு பார்க்கவும் பயன்படும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிறர் வீட்டுக்குள் இசைவு கேளாமலும் சலாம் கூறாமலும் நுழையலாகாது என்பது திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் கற்பிக்கும் ஒழுக்கம். பிறரைத் துருவித் துருவி ஆராய்வதையும் அத்திருமறை விலக்குகிறது. நம் நாட்டின் உச்சநீதிமன்றமும் 2017 ஆகஸ்டு 24 அன்று தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது. எனினும் வாயிற்பலகையைப் படிப்பது குற்றமா, ஊரிலுள்ள வாயிற்பலகைகளை எல்லாம் எழுதிவைத்து விற்பது குற்றமா என்னும் வினா நம்முன் நிற்கவே செய்கிறது. ஒன்றைப் பார்த்தல் இயல்பு. அனைத்தையும் தொகுத்தல் ஆற்றல். ஆற்றல் உள்ள இடத்தில் பொறுப்பும் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

இவற்றை அறிந்தபின் அஞ்சி ஒதுங்குவதினும் அறிந்து பயன்படுத்துவதே முறை. பட்டியலில் இடம்பெற விரும்பாதோர் தம் வலைப்பெயரின் இறுதியில் அடிக்கோடும் அதையடுத்து ‘நோமேப்’ என்னும் சொல்லும் ஆங்கில எழுத்தில் அமையுமாறு மாற்றிக்கொள்ளலாம். வரைபடம் வேண்டா என்பது அதன் கருத்து. கூகுள் 2011 முதல் இதனை ஏற்கிறது. ஆப்பிளும் 2024 முதல் ஏற்றுள்ளது.

கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டாலும், இடமறிதலுக்காகத் திசைவிகளைக் கேட்கும் வசதி தனியே இயங்கிக்கொண்டிருக்கலாம். அமைப்புகளில் இருப்பிடப் பகுதியைத் திறந்து இதனை அறியலாம். எந்தெந்தச் செயலிகளுக்கு இருப்பிடம் தர இசைந்துள்ளோம் என்பதையும் அங்கேயே காணலாம். தொழுகை நேரச் செயலிக்கு ஊர்ப்பெயர் போதும். துல்லியமான வீடு தேவையில்லை. விளையாட்டுச் செயலிக்கு எதுவும் தேவையில்லை. குறிப்பாக நம் மாணவியர், தம் இருப்பிடத்தைப் பெற்றோருடன் பகிர்வதும் அறிமுகம் இல்லாதாரிடம் பகிர்வதும் ஒன்றல்ல என்பதை உணர்தல் வேண்டும்.

2018 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசிகளில் ஜி.பி.எஸ். வசதி இருத்தல் வேண்டும் என்பது 2016 இல் நடுவணரசு வகுத்த விதி. ஆகவே கருவி நம்மிடம் உள்ளது. மலைக்குச் செல்வோர் புறப்படுமுன் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுதலும், வழியை வீட்டாரிடம் சொல்லிச் செல்லுதலும், ஆபத்தில் 112 என்னும் எண்ணை அழைத்தலும், குரல் செல்லாத இடத்தில் இட எண்களைக் குறுஞ்செய்தியாக அனுப்புதலும் கைக்கொள்ளத்தக்கன. மெலிந்த அலையிலும் குறுஞ்செய்தி சென்றுவிடக்கூடும். வீட்டுப் பெரியவர்க்கு நோய் கண்டு 108 ஊர்தியை அழைக்கும்போது, கைப்பேசி காட்டும் இடத்தோடு பள்ளிவாசல், தண்ணீர்த்தொட்டி, ரேஷன் கடை என்று ஊர்மக்கள் அறிந்த அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லுதல் நலம். தெருமுனைக்கு ஒருவரை அனுப்பி நிறுத்துதல் அதனினும் நலம்.

முடிவுரை

மதுரையை நீங்கிய கண்ணகி வைகைக் கரைவழியே நடந்து மேற்கு மலையை அடைந்தாள் என்பது சிலம்பு கூறும் செய்தி. கூடலூருக்கு மேலே அவள் கோயில் நிற்கும் மலை எந்த மாநிலத்தின் எல்லைக்குள் உள்ளது என்னும் வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. நிலத்தை அளப்பதும் இடத்தைக் குறிப்பதும் வெறும் கணக்கல்ல. மக்கள் வாழ்வோடும் உரிமையோடும் பிணைந்தது என்பதற்கு நம் பள்ளத்தாக்கே சான்று.

அருகலை ஆற்றுப்படை நம் அனைவருடைய நடையாலும் உருவான பொதுச்செல்வம். அதை வைத்திருப்போரோ தொலைநாட்டுச் சில நிறுவனத்தார். பொருநனும் பாணனும் கண்ட வழியை மற்றவர்க்கு ஈந்தபோது அவர்கள் இசைந்து ஈந்தனர். நாமும் இசைந்து ஈவோராக இருத்தல் வேண்டும். அறியாமல் பறிகொடுப்போராக இருத்தல் தகாது. அதற்கு முதற்படி, இம்முறை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிதல்.

நண்பரின் அத்தா அன்று கைப்பேசியை வெறுக்கவில்லை. அடுத்த நாள் அவரே அதை வாசலுக்கு எடுத்துச் சென்று, வானம் தெரியப் பிடித்து, நேரம் சரியாகிவிட்டதா என்று பார்த்தார். சரியாக இருந்தது. ஆயினும் அன்றும் பள்ளிவாசல் பாங்கைக் கேட்ட பின்னரே நோன்பு திறந்தார். கருவியைப் பயன்படுத்துக, அதன் சொல்லை வேறொரு சாட்சியோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நம்புக. அப்பெரியவரிடம் யாம் கற்ற பாடம் இதுவே.